பீரங்கி சரி, கணக்கு எங்கே?



போர் விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு ஏராளமான கடிதங்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே கணினியை விட்டு எழுந்திருப்பதில்லை, இதில் பத்திரிகையும் சேர்ந்து தூபம் போடலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அதைத் தனியாக ஒரு நாள் பேசுவோம். மறுபாதி விளையாடுகிறவர்களே எழுதியவை. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி படமெல்லாம் வரைந்து நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்த கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரும் கைமாற்றிப் படித்தோம்.

அவருடைய புகார் இதுதான். அவர் ஆடும் இரண்டாம் உலகப் போர் விளையாட்டு ஒன்றில் ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி வருகிறது. அதை இழுத்துச் செல்லும் வண்டியில் முன்பக்கம் ஒற்றை டயர், பின்பக்கம் இரட்டை டயர். அது ஃப்ளாக் 18 என்ற முதல் மாடலின் வண்டி. மேலே இருக்கும் குழலோ அடுத்து வந்த ஃப்ளாக் 36 மாடலுடையது. "இப்படியொரு பீரங்கி உலகத்தில் கிடையவே கிடையாது ஐயா, காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்" என்று முடித்திருந்தார்.

தம்பி, அப்படியும் பீரங்கிகள் இருந்தன. ஃப்ளாக் 18, 36, 37 மூன்றின் முக்கியப் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படிதான் செய்யப்பட்டன. குழல் தேய்ந்துபோனால் கிடங்கில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். இன்று மிச்சமிருக்கும் 88களிலும் கலப்புகள் உண்டு. ஆகவே உங்கள் விளையாட்டில் இருப்பது பிழையாகவும் இருக்கலாம். மாடல் செய்தவர் உண்மையான பீரங்கி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துச் செய்ததாகவும் இருக்கலாம். இவ்வளவுதான் பதில். ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது, சக்கரமும் குழலும் பிரச்சினையே இல்லை, இந்த விளையாட்டுகளில் காணாமல் போயிருப்பது வேறொன்று என்று தோன்ற ஆரம்பித்தது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

88-க்கு ஒரு சுவையான பிறப்புக் கதை உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் போட்ட தடைகளில் விமான எதிர்ப்புப் பீரங்கியும் ஒன்று. க்ருப் நிறுவனம் தன் பொறியாளர்களை ஸ்வீடனில் உள்ள போஃபர்ஸ் ஆலைக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தது. 1931-ல் அவர்கள் எஸ்ஸன் நகருக்குத் திரும்பினார்கள். 1933-ல் பீரங்கி உற்பத்திக்கு வந்துவிட்டது. பெயரில் 18 என்று போட்டது, இது 1918 காலத்துப் பழைய சரக்கு என்று வெளியார் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. (போஃபர்ஸ் என்றதும் நமக்கு 1980களின் பீரங்கிப் பேரமும் அதையொட்டி அடித்த அரசியல் புயலும்தான் ஞாபகம் வரும். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்த ஆலைக்கு இப்படியும் ஒரு வரலாறு.) ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானியர் அதைத் தரையிலும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1940 மே 21 அன்று பிரான்சின் அராஸ் அருகே, மற்ற பீரங்கிகளின் குண்டுகள் பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கியின் கவசத்தில் பட்டுத் தெறித்துப் போனபோது, ஜெர்மன் தளபதி ரோமலின் படை 88களைத் தாழ்த்தி நேராகச் சுட்டது. 1941 ஜூனில் எகிப்து எல்லையில் ஹல்ஃபாயா கணவாயிலும் அதே கதை. விமானத்துக்காகச் செய்த பீரங்கி டாங்கியைச் சுட்டுப் பெயர் வாங்கியது.

அதற்குப் பிறகு நேச நாட்டுச் சிப்பாய்களின் வாயில் ஜெர்மன் பீரங்கி எதுவானாலும் 'எய்ட்டி எய்ட்'தான். சுட்டது 75 ஆக இருக்கலாம், 105 ஆக இருக்கலாம். பள்ளத்துக்குள் படுத்துக்கிடப்பவன் விட்டத்தை அளந்து பார்க்கவா போகிறான்? விளையாட்டுகள் பலவும் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. வேலிக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் பீரங்கி வேண்டுமென்றால் கொண்டுவந்து நிறுத்துவது 88. 2006-ல் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸ் ஆடியவர்களுக்கு, 88 ஒளிந்திருக்கும் தெருவுக்குள் டாங்கியை நுழைத்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். ஆயுதக் கிடங்கின் பட்டியலைவிடச் சிப்பாயின் அச்சத்துக்கு விசுவாசமான சித்திரம் அது. இதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காலத்தைக் குழப்புவது வேறு விஷயம். பேர்ல் ஹார்பரைக் காட்டும் படங்களிலும் விளையாட்டுகளிலும் அமெரிக்கக் கப்பல்களின் மேல்தளத்தில் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் படபடவென்று முழங்கினால் அது தவறு. 1941 டிசம்பர் 7 அன்று அந்தக் கப்பல்களில் ஒரு போஃபர்ஸ்கூட இல்லை; அவை ஏறத் தொடங்கியதே 1942-ன் நடுவில்தான். அன்று இருந்தவை 5 அங்குலப் பீரங்கிகள், 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிகள், அப்புறம் 'சிகாகோ பியானோ' என்று மாலுமிகள் பெயர் வைத்திருந்த, அடிக்கடி சிக்கிக்கொள்ளும் நாற்குழல் 1.1 அங்குலத் துப்பாக்கி. தவறு ஏன் நேர்கிறது என்பதும் ஊகிக்கக் கூடியதே. அமெரிக்காவில் அருங்காட்சியகமாக நிற்கும் நார்த் கரோலினா, அலபாமா, மாசசூசெட்ஸ் போன்ற போர்க்கப்பல்கள் எல்லாம் போர் முடிந்த காலத்துக் கோலத்தில் நிற்பவை. கேமராவோடு போகிறவர் கண்ணில் படுவது 1945. அதை நுணுக்கமாகப் பிரதியெடுத்து 1941-ல் கொண்டுபோய் வைத்தால், ஒவ்வொரு திருகாணியும் சரியாக இருக்கும், ஆண்டு மட்டும் தப்பாகிவிடும்.

நன்றாக வீட்டுப்பாடம் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1943 மே 17 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் ஈடர் அணையை உடைத்தபோது அங்கே பீரங்கிக் காவல் கிடையாது. மலைகளே போதும் என்று விட்டிருந்தார்கள். 2003-ல் வந்த முதல் கால் ஆஃப் டூட்டியில் அதே அணையில் உள்ள விமான எதிர்ப்புப் பீரங்கிகளைத் தகர்க்கும் ஒரு கட்டம் உண்டு. கதை அந்தத் தாக்குதலுக்குப் பிந்தைய காலத்தில் நடப்பதாக அமைத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் யாரோ ஒருவர் புத்தகம் புரட்டியிருக்கிறார் என்று தெரிகிறது.

இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வார் தண்டர் விளையாட்டில் கோலியன் என்ற ஜெர்மன் விமான எதிர்ப்பு டாங்கி இருந்தது. பாந்தர் டாங்கியின் உடல், மேலே மூடிய கோபுரம், அதில் இரண்டு 37 மில்லிமீட்டர் குழல்கள். பார்க்க அட்டகாசமாக இருக்கும். உண்மையில் அந்தத் திட்டம் மரத்தால் செய்த மாதிரிக் கோபுரத்தைத் தாண்டவில்லை. மரக்கோபுரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர் இணையத்தில் விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். 2019-ல் வரலாற்றில் இல்லாத வேறு சில டாங்கிகளோடு அதையும் நிறுவனம் பட்டியலிலிருந்து எடுத்து மறைத்தது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. விற்பனையாகும் பொருளை, 'இது நிஜத்தில் இல்லை' என்ற காரணத்துக்காகக் கடையிலிருந்து எடுப்பது எவ்வளவு அபூர்வம்! ஆடுகிறவர்கள் அந்த அளவுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் என்பதுதான் காரணம். நமக்குக் கடிதம் எழுதிய தம்பியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்தக் கூட்டத்தை நோக்கித்தான் என் கேள்வி.

ஃப்ளாக் 36-க்கும் 37-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. முக்கியமான மாற்றம், பீரங்கியின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட முகப்புகளில். முந்தைய மாடல்களில் அந்த முகப்பில் சிறு விளக்குகள் எரிந்து எண்ணைக் காட்டும். 37-ல் அவற்றின் இடத்தில் முள் வந்தது. எங்கிருந்தோ கம்பி வழியாக வரும் எண்ணுக்கு ஏற்ப ஒரு முள் நகரும். இருக்கையில் இருப்பவர் கைச்சக்கரத்தைச் சுற்றி, தன் முள்ளை அந்த முள்ளோடு ஒட்டி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. அவர் வானத்தைப் பார்ப்பதே இல்லை. இன்றைய விளையாட்டுகளில் இந்த முகப்புகளைக் கண்ணாடிப் பளபளப்போடு, எழுத்துகள் தெரிய, துருவோடு செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முள் எதற்கு? அது எங்கிருந்து வரும் கட்டளைக்கு ஆடுகிறது? அந்த இன்னொரு முனை விளையாட்டில் இல்லை.

அங்கே இருந்தது ஒரு கணக்கு இயந்திரம். ஜெர்மானியர் அதை கொமாண்டோகெரேட் என்றார்கள், பிரிட்டிஷார் பிரெடிக்டர் என்றார்கள். நான்கு பீரங்கிகளுக்கு நடுவிலோ சற்றுத் தள்ளியோ அது நிற்கும். அதன் மேல் நான்கு மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய், இரு முனைகளிலும் கண்ணாடிகள். விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இரு கண்ணாலும் பார்த்துச் சொல்வதற்கு. சுற்றிலும் ஆட்கள். ஒருவர் விமானத்தைக் கிடையாகப் பின்தொடர்வார், ஒருவர் மேல்கீழாக, ஒருவர் தூரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே பல்சக்கரங்களும் நெம்புருளைகளும் விமானத்தின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு, காற்றையும் சேர்த்துக்கொண்டு, அது இன்னும் சில வினாடிகளில் எங்கே இருக்கும் என்று சொல்லும்.

ஏன் இத்தனை பாடு? 88-ன் குண்டு சுமார் 9 கிலோ. குழலை விட்டு வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அப்படியும் 7,500 மீட்டர் உயரத்தில் போகும் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்தை எட்ட ஏறக்குறைய 20 வினாடி ஆகும். மணிக்கு 290 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அந்த நேரத்தில் விமானம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சுடுகிறவன் சுட வேண்டியது வெற்று ஆகாயத்தை. அது போதாதென்று இன்னொரு கணக்கு. அந்தக் குண்டு விமானத்தில் நேராகப் போய் மோதும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அருகே வெடித்துச் சிதறல்களால் தாக்க வேண்டும். அதற்காகக் குண்டின் மூக்கில் ஒரு கடிகார ஃப்யூஸ். பதினேழு வினாடியில் வெடிக்க வேண்டுமா, பத்தொன்பதிலா என்று சுடுவதற்கு முன்பே திருகி வைக்க வேண்டும். உச்சவரம்பு 30 வினாடி. 88-ன் இடப்பக்கம் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. குண்டின் மூக்கை அதில் செருகினால், கணக்கு இயந்திரம் அனுப்பிய எண்ணுக்கு ஃப்யூஸ் திருகிக்கொள்ளும். எடுத்து ஏற்றிச் சுட வேண்டும். நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை. திசை, உயரம், காலம் மூன்றில் ஒன்று பிசகினாலும் வானத்தில் ஒரு கரும்புகைப் பொட்டுதான் மிச்சம்.

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்கும் ஃபீல்டர் பந்து இருக்கும் இடத்துக்கு ஓடுவதில்லை, விழப்போகும் இடத்துக்கு ஓடுகிறார் அல்லவா, அதுதான் இது. ஆனால் இங்கே பந்தும் இஷ்டப்படி வளையும்.

இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். இருக்கையில் தாவி ஏறுகிறோம். குறிவட்டத்துக்குள் விமானம். கொஞ்சம் முன்னால் வைத்து அழுத்துகிறோம். புகை, நெருப்பு, சிறகு தனியே பிய்ந்து விழுகிறது. அடுத்தது. வார் தண்டரின் ஆர்கேட் முறையில் எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்பதற்கே ஒரு குறி போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அந்தச் சின்னக் குறிக்குள்தான் கொமாண்டோகெரேட் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது! வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் இன்னும் ஒரு படி மேல். கப்பல்களின் தோற்றத்தில் அதைக் குறை சொல்வது கஷ்டம். ஒவ்வொரு போஃபர்ஸும் ஒவ்வொரு ஓர்லிகனும் தன் இடத்தில், தன் பெயரோடு இருக்கும். ஆனால் அவை தானாகச் சுட்டுக்கொள்ளும். எந்தப் பக்கம் அதிகக் கவனம் வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லலாம். கப்பலைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்தால் இவ்வளவு சேதம் என்று ஒரு கூட்டல் கணக்கு. இத்தனை துல்லியமாகச் செய்த பீரங்கிகள் கடைசியில் அலங்காரப் பொருள்கள்.

உண்மையான கணக்கைச் சொன்னால் யாரும் ஆடமாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1944-ல் ஒரு நேச நாட்டு விமானத்தை வீழ்த்த 88 வகைப் பீரங்கிகள் சராசரியாகச் செலவிட்ட குண்டுகள் சுமார் 16,000 என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். 1940 செப்டம்பரில் லண்டனில் நிலைமை அதைவிட மோசம். ஒரு விமானத்துக்கு இத்தனை குண்டு என்று அங்கே கணக்கு வைத்திருந்தார்கள். அந்த மாதம் அது இருபதாயிரத்தைத் தாண்டியது. இரவில் ரேடாரும் சரியாகக் கைகொடுக்கவில்லை, தேடுவிளக்கும் எட்டவில்லை. குண்டு விழத் தொடங்கிய முதல் சில இரவுகள் பீரங்கிகள் அநேகமாக மௌனமாக இருந்ததில் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். தளபதி ஃபிரெடரிக் பைல் ஓர் உத்தரவு போட்டார்: கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம், எல்லாப் பீரங்கிகளும் சுடட்டும். சுட்டதில் விழுந்த விமானம் அநேகமாக இல்லை. ஆனால் மறுநாள் காலை லண்டன்வாசிகள் முகத்தில் தெளிச்சி. இரவெல்லாம் தூங்கவிடாத அந்தச் சத்தமே அவர்களுக்கு மருந்தாக இருந்திருக்கிறது. பைலுக்கு ஆலோசனை சொல்ல இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் வந்தார். தன்னோடு வெவ்வேறு துறை விஞ்ஞானிகளையும் சேர்த்துக்கொண்டார். ரேடார் தரும் எண்ணைப் பிரெடிக்டருக்கு எப்படி ஊட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1941 ஜனவரியில் ஒரு விமானத்துக்கு 4,000 குண்டு என்ற அளவுக்கு இறங்கியது. புதிய பீரங்கியால் வந்த முன்னேற்றமல்ல இது. அதே இரும்பு, கணக்குத்தான் தேறியது. (இதே பிளாக்கெட் சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் அழைப்பில் வந்து நம் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கும் யோசனை சொன்னார்.)

கடிகார ஃப்யூஸின் தலைவலி தீர்ந்தது அமெரிக்காவில். குண்டின் மூக்குக்குள்ளேயே ஒரு குட்டி வானொலிப் பெட்டியை வைத்தார்கள். விமானத்தை நெருங்கியதும் எதிரொலியை உணர்ந்து தானே வெடிக்கும். பீரங்கியிலிருந்து கிளம்பும் அதிர்ச்சியைத் தாங்கும் கண்ணாடி வால்வு செய்தது பெரிய சாதனை. முதல் முறையாகப் போரில் அது விமானத்தை வீழ்த்தியது 1943 ஜனவரி 5, ஹெலினா என்ற போர்க்கப்பலில். ஜெர்மானியர் இதைப் போர்முனைக்குக் கொண்டுவரவே இல்லை. ஆகவே 1940-ல் நடப்பதாகச் சொல்லும் ஒரு விளையாட்டில் ஜெர்மன் குண்டு விமானத்தின் பக்கத்தில் போனதுமே சமர்த்தாக வெடித்தால், அது வேறொரு நாட்டின், வேறொரு வருடத்தின் குண்டு. டயரைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம். வார் தண்டரின் கடற்போரில் இரண்டு வகை ஃப்யூஸையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாராட்டாகச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கோடு சேர்ந்து காணாமல் போனவர்கள் மனிதர்கள். ஜெர்மானியரின் நாற்குழல் 20 மில்லிமீட்டர் ஃப்ளாக்ஃபியர்லிங் ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் வரும். சுட்டியை அழுத்திப் பிடித்தால் நான்கு குழலும் ஓயாமல் கக்கும். உண்மையில் ஒவ்வொரு குழலுக்கும் 20 குண்டு கொண்ட ஒரு பெட்டி. மூன்று வினாடிக்குள் காலி. அதனால் சுடுகிறவரின் காலடியில் இரண்டு மிதிகள் வைத்தார்கள். ஒரு மிதி எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு குழல்களைச் சுடும், மற்ற மிதி மீதி இரண்டை. ஒரு ஜோடி சுடும்போது அடுத்த ஜோடிக்குப் பெட்டி மாற்ற இருபக்கமும் ஆட்கள் நின்று குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பார்கள். போஃபர்ஸிலும் அப்படித்தான். நான்கு குண்டு கொண்ட ஒரு கொத்து இரண்டே வினாடிக்கு வரும். மேலே நின்று அடுத்த கொத்தைத் திணித்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். விளையாட்டில் குழல் சூடேறுவதைக் காட்ட ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. குண்டு ஏற்றுகிறவர் பல சமயம் இல்லை.

அந்த ஆட்கள் யார் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். பிரிட்டனில் 1941 முதல் ஆண்களும் பெண்களும் கலந்த பீரங்கிப் படைப்பிரிவுகள். பிரெடிக்டரிலும் தூரமானியிலும் ரேடாரிலும் நின்றவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பெண்கள். விசையை இழுக்க மட்டும் சட்டம் அவர்களை விடவில்லை. பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரி அப்படி ஒரு பிரிவில் லண்டன் ஹைட் பார்க்கில் பணியாற்றினார். ஜெர்மனியில் 1943 பிப்ரவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே பீரங்கிகளுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன ஜோசப் ராட்ஸிங்கர், எழுத்தாளர் குந்தர் கிராஸ் இருவரும் அந்தப் பையன்களில் அடக்கம். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலின்கிராடின் வடக்கு விளிம்பில், ஜெர்மன் டாங்கிகள் வந்துவிட்டபோது பீரங்கிகளைத் தாழ்த்திக் கடைசி வரை சுட்டது சோவியத் 1077-ஆவது விமான எதிர்ப்பு ரெஜிமெண்ட். அதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். விளையாட்டுகளில் இந்த இருக்கைகளில் எப்போதும் தாடை இறுகிய நடுவயது ஆண்கள். உடையின் பொத்தான் எந்த வருடத்து மாடல் என்று ஆராய்கிறவர்கள், உடைக்குள் இருப்பவருக்கு வயது பதினாறுதானே என்று கேட்டால் என்ன?

இந்தக் கணக்குக்கும் நமக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தது 1914 ஏப்ரலில். அவருக்கு வழிகாட்ட, கணித அறிஞர் ஹார்டியோடு இருந்த லிட்டில்வுட்டைச் சீக்கிரத்திலேயே முதல் உலகப் போர் இழுத்துக்கொண்டது. பீரங்கிப் படையில் அவருக்குக் கொடுத்த வேலை, உயரமாகச் சுடப்படும் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று கணக்கிடும் முறைகளைச் சீராக்குவது. அதே போரில் உடலியல் விஞ்ஞானி ஏ.வி. ஹில் விமான எதிர்ப்புச் சோதனைக்கென்று ஒரு கணிதக் கோஷ்டியைக் கூட்டினார். அதில் இருந்த ரால்ஃப் ஃபௌலர்தான் பிற்பாடு கேம்பிரிட்ஜில் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு ஆசிரியர். சந்திரசேகரும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அபெர்டீன் பீரங்கி ஆய்வுக்கூடத்துக்கு அதிர்வலைக் கணக்குகள் போட்டுக் கொடுத்தவர். நட்சத்திரங்களின் முடிவைக் கணித்த கையும் பீரங்கிக் கணக்குக்கு உதவியிருக்கிறது.

அந்த அபெர்டீன் ஆய்வுக்கூடத்துக்காகத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறியைக் கட்டினார்கள். ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட ஒருவருக்கு இருபது மணி நேரம் ஆகும். ஒரு பீரங்கிக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள் தேவை. எனியாக் ஒன்றை அரை நிமிடத்தில் முடித்தது. கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது, 1946 பிப்ரவரியில்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். எம்ஐடியில் நார்பர்ட் வீனர், தப்பித்து வளைந்து போகும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று கணிக்கும் கருவிக்காக யோசித்தவைதான் 1948-ல் சைபர்னெட்டிக்ஸ் என்ற துறையாகப் புத்தக வடிவம் பெற்றன. யோசித்துப் பாருங்கள். நாம் விளையாடும் பெட்டியின் முன்னோர் பிறந்ததே பீரங்கியின் கணக்கைப் போடத்தான். இன்று அந்தப் பெட்டி பீரங்கியின் டயரை வரைகிறது, கணக்கை மட்டும் ஒளித்துவிடுகிறது.

கணக்கைக் காட்டினால் சுவாரஸ்யம் போய்விடும் என்பார்கள். 1980-ல் அட்டாரி கொண்டுவந்த மிஸைல் கமாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பீரங்கியே கிடையாது. சில கோடுகள், ஒரு உருட்டுப் பந்து, மூன்று தளம், தளத்துக்குப் பத்து ஏவுகணை. ஆனால் அங்கே நாம் எதிரியைச் சுடுவதில்லை. அது வரப்போகும் இடத்தைக் குறித்து, நம்முடையது போய்ச் சேர ஆகும் நேரத்தையும் மனசுக்குள் போட்டுப் பார்த்து, வெற்றிடத்தில் ஒரு வெடிப்பை வைக்கிறோம். கையிருப்பும் தீர்ந்துபோகும். பீரங்கிப் படத்தில் ஒரு புள்ளிகூடச் சரியில்லாத அந்த விளையாட்டு, பீரங்கிக்காரரின் மனத்தை இன்றைய பளபளப்பான எதையும்விட நன்றாகக் காட்டியது என்பது என் கட்சி. 2005-ல் வந்த சைலன்ட் ஹண்டர் 3 இன்னும் நேரடியான சாட்சி. நீர்மூழ்கியிலிருந்து டார்பிடோ விடுவதும் இதே கணக்குத்தான். மெதுவாகப் போகும் குண்டு, நகரும் இலக்கு. எதிரிக் கப்பலின் தூரம், வேகம், திசை மூன்றையும் நாமே அளந்து கருவியில் ஏற்ற வேண்டும் என்றொரு கடினமான தேர்வை அதில் வைத்தார்கள். கட்டாயமில்லை, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். காகிதம் பென்சில் வைத்துக்கொண்டு அதை ஆடியவர்கள் உண்டு. ஆடியபின் தானியங்கி முறைக்குத் திரும்ப மனமில்லாதவர்களும் உண்டு.

கேம் டிசைன் படிப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு யோசனை, காசு வேண்டாம். 1944 கோடை, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை. ஜெர்மானியர் ஆளில்லா வி-1 பறக்கும் குண்டுகளை லண்டனை நோக்கி அனுப்புகிறார்கள். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம், ஆயிரம் மீட்டருக்கும் குறைவான உயரம், ஆனால் வளையாமல் நேராக வரும். ஜூலை நடுவில் பைல் தன் பீரங்கிகளையெல்லாம் கடற்கரைக்கு நகர்த்துகிறார். அமெரிக்காவிலிருந்து புதிய ரேடார், பெல் ஆய்வுக்கூடத்தின் மின்சாரப் பிரெடிக்டர், மூக்கில் வானொலி வைத்த குண்டு மூன்றும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. முதல் வாரத்தில் பீரங்கிகள் வீழ்த்தியது ஆறில் ஒன்று. ஆகஸ்ட் கடைசிக்குள் பாதியைத் தாண்டிவிட்டது. ஆடுகிறவரை பீரங்கியில் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பீரங்கிப் பிரிவுப் பெண்களில் ஒருத்தியாக, காதில் தலைபேசியோடு, கணக்குப் பெட்டியின் முன் நிறுத்துங்கள். பீரங்கிகள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். யாராவது செய்தால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன். டயர் எத்தனை என்று எண்ண மாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்